அம்மாவுக்குப் புற்றுநோய் என்கிறார்கள். யாரிடம் போய் உதவி கேட்பது?

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது, பணத்துக்கும் மனசுக்கும் எங்கே உதவி கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "சொந்தக்காரர்கள் யாருக்கும் இன்னும் சொல்லவில்லை" என்று ஒரு வரி. நான் அந்த வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019ல் என் அப்பாவுக்குக் கன்னத்தின் உள்பக்கம் புற்றுநோய். நாற்பது வருட வெற்றிலை புகையிலையின் கைங்கரியம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், "வாயில் ஆறாத புண்" என்று மட்டும் ஊருக்குச் சொன்னோம். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் கைக்காசு போட்டுப் பார்த்தோம். அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து எப்படியோ விஷயம் தெரிந்து பெரிய மாமா வந்தார். அவருக்குத் தாலுகா ஆபீசில் வேலை. "ஏண்டா, வருமானச் சான்று வாங்குற இடத்துல நான் உட்கார்ந்திருக்கேன், என்கிட்டயே மறைச்சீங்களா?" என்றார். யாரிடம் முதலில் போயிருக்க வேண்டுமோ, அவரிடம்தான் மறைத்திருக்கிறோம்.

ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கச் சொல்லவில்லை. நாலு பேருக்காவது நோயின் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள். சொன்னால் தொல்லையும் உண்டு, மறைக்கவில்லை. புற்றுநோய்க்கு மருந்து என்று முள்சீத்தா இலையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் மட்டும் ஏழு பேர். வாங்கி வைத்துக்கொண்டு காபி கொடுத்து அனுப்பினோம்.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். முக்கியமான விஷயம், நாங்கள் சூடுபட்டது: சிகிச்சைக்கு முன்பே காப்பீட்டுத் திட்டத்தின் ஒப்புதலை மருத்துவமனை வாங்க வேண்டும். முதலில் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதனால் கீமோவுக்கு முன்னாலேயே மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் போய் நின்றுவிடுங்கள். வெளியூர் என்றால் ரயில் சலுகையும் இருக்கிறது. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் அடிப்படைக் கட்டணம் கிடையாது, கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்துத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். மன்னை எக்ஸ்பிரஸில் நாங்கள் மூன்று தடவை முழுக் காசு கொடுத்துப் போன பிறகு, எதிர் சீட்டில் இருந்த ஒருவர் சொல்லித்தான் இது தெரியும்.

அப்பாவுக்குச் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை. எங்கள் பக்கம் கதிர்வீச்சுக்குக் கரண்ட் வைப்பது என்றுதான் பெயர். ஷாக் அடிக்கும் என்று அப்பா உண்மையிலேயே பயந்தார்; எங்களிடம் சொல்லவில்லை. வரிசையில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர்தான், "ஒண்ணும் தெரியாதுய்யா, போட்டோ எடுக்கிற மாதிரிதான்" என்று தைரியம் கொடுத்தார். அந்த அறையின் அலமாரியில் தலை அசையாமல் இருக்க நோயாளிகளின் முகத்துக்கு அச்செடுத்த வெள்ளை வலை முகமூடிகள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் பெயர் எழுதி, வரிசையாக இருக்கும். முதல் நாள் பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. இரண்டாவது வாரத்தில், "இன்னிக்கு நம்ம அரக்கோணத்துக்காரர் முகத்தைக் காணோமே" என்று அப்பா விசாரிக்கும் அளவுக்கு அது ஒரு தெருவாகிவிட்டது.

மூன்றாவது வாரத்தில் வாயெல்லாம் வெந்து, அப்பாவால் தயிர்சாதம்கூட விழுங்க முடியவில்லை. அம்மா தானும் சாப்பிடாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். கணவரைக் கூட்டிவந்த ஒரு பெண், "அக்கா, கரண்டியால மசிச்சா பத்தாது, சின்ன ஜார்ல ஒரு சுத்து விட்டு வடிகட்டுங்க, காரம் வேண்டவே வேண்டாம்" என்று சொல்லி, தன் தூக்குவாளியைத் திறந்து கஞ்சி எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று காட்டினார். வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பும் சோடா உப்பும் போட்டுக் கொப்பளிக்க நர்ஸ் சொல்லியிருந்தார். எத்தனை தடவை என்பதை இந்தப் பெண் பக்கத்தில் இருந்தே கணக்கு வைத்தார். அன்று மதியம் அம்மாவும் சாப்பிட்டார்.

இப்படித் தைரியம் சொல்வதற்கென்றே படித்தவர்களும் இருக்கிறார்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் நோயாளிக்கும் குடும்பத்துக்கும் உளவியல் ஆலோசனைக்குத் தனித் துறையே உண்டு. அந்த மருத்துவமனையே ஒரு வீட்டுத் துக்கத்திலிருந்து வந்ததுதான். தன் தங்கை புற்றுநோயில் இறந்ததைக் கண்ணால் பார்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1954ல் 12 படுக்கையோடு ஆரம்பித்தார்கள். "மனநல டாக்டரா, எனக்கென்ன பைத்தியமா?" என்று அம்மா முதலில் மறுத்தார். போய் அரை மணி நேரம் பேசிவிட்டு வந்து, "நல்லா கேட்டுக்கிறாங்க" என்றார், அவ்வளவுதான். உங்கள் மருத்துவமனையில் இப்படித் தனித் துறை இல்லாவிட்டால், சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். தங்க இடம், இலவசச் சாப்பாடு பற்றிய தகவலெல்லாம் அவர்களிடம் இருக்கும். சிகிச்சைக்காகச் சென்னையில் தங்குகிறவர்களுக்கு அடையாறு பக்கம் ஸ்ரீமாதா டிரஸ்ட் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன.

இன்னொன்று, எழுதவே கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பிற்பாடு என் பெரியம்மாவுக்கு வந்தது, குணப்படுத்தும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. "வீட்டுக்குக் கூட்டிப் போங்க" என்று டாக்டர் சொன்னதும், இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலி தணிக்கும் சேவையும் உண்டு என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னதும் நர்ஸ் வீட்டுக்கே வந்து புண்ணுக்கு மருந்து கட்டினார். மார்ஃபின் என்ற வலி மாத்திரைக்குப் பெரியப்பா பயந்தார், பழகிவிடும் என்று. டாக்டர் சொன்ன அளவில்தான் கொடுத்தோம். பெரியம்மா பல நாளுக்குப் பிறகு ராத்திரி தூங்கினார். வீட்டில் பார்க்க முடியாதவர்களுக்குச் சென்னை மாத்தூரில் ஜீவோதயா என்ற இல்லம் இருக்கிறது, கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்றே நம்புகிறேன். பொதுவான மருத்துவ விவரங்களுக்கு 104க்குப் போன் செய்யலாம்.

அப்பா இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப் போய் வருகிறார். வாய் முழுசாகத் திறக்காது, காரக்குழம்பு கிடையாது, புலம்பல் மட்டும் உண்டு. தங்கைக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாம் சொல்லித்தான் செய்தோம்.

போன மாதம் ஒரு ராத்திரி, எதிர்வீட்டு மருமகள் கொல்லைப்பக்கமாக வந்து, மாமனாருக்கு இப்படி என்று அம்மாவின் காதில் சொன்னாராம். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம் என்றும் சொன்னாராம். அம்மா மிக்ஸியின் சின்ன ஜாரை எடுத்துக்கொண்டு, வாசல் வழியாகவே அவர் வீட்டுக்குப் போனார்.