முதலிடமும் கடைசி இடமும்

கேள்வி: நான் பிளஸ் டூ வணிகவியல் ஆசிரியை. பணத்தைக் கையாளப் பிள்ளைகளுக்குப் பழக்கலாம் என்று ஒரு மொபைல் ஆப்பில் ஆறு வாரம் பங்குச் சந்தை விளையாட்டு நடத்தினேன். ஆளுக்குப் பத்து லட்சம் கற்பனைப் பணம். மொத்தத்தையும் ஒரே சின்னக் கம்பெனியில் போட்ட பையன் முதலில் வந்தான், பரிசும் கொடுத்தோம். மறுநாளே வந்து, "மிஸ், ஆப்ஷன்ல இறங்கினா இன்னும் சீக்கிரம் சம்பாதிக்கலாம்ல?" என்கிறான். பங்கின் வருங்கால விலை மேல் பந்தயம் கட்டுவது மாதிரியான ஒப்பந்தம் அது, பயமாக இருக்கிறது. 38 பேரின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறேன். இதைத் தொடரலாமா?
- ஓர் ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: தொடருங்கள் டீச்சர். ஆனால் இதே மாதிரி வேண்டாம்.

உங்கள் பட்டியலைக் கடைசியிலிருந்தும் ஒரு தடவை பாருங்கள். 38-வது இடத்தில் இருக்கும் பெண்ணும் பத்து லட்சத்தையும் ஒரே பங்கில்தான் போட்டிருக்கிறாள். அவன் வாங்கியது ஏறியது, இவள் வாங்கியது இறங்கியது, வித்தியாசம் அவ்வளவுதான். அவனுக்குக் கைதட்டல் கிடைத்தது, இவள் இதெல்லாம் நமக்கு வராது என்று நினைத்திருப்பாள். ஆறே வாரம், முதலில் வருபவருக்கு மட்டும் பரிசு, போனாலும் கையை விட்டு எதுவும் போகப்போவதில்லை என்றால் கெட்டிக்காரப் பிள்ளை அப்படித்தான் ஆடும். பணத்தை நாலைந்து இடத்தில் பிரித்துப் போட்டுப் பொறுமையாக இருந்தவர்கள் எல்லாம் 15, 20-வது இடங்களில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறார்கள். தப்பு பிள்ளைகளிடம் இல்லை, போட்டியின் விதியில் இருக்கிறது.

அதனால் லாபத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள், காரணத்துக்குப் போடுங்கள். ஏன் வாங்கினேன், எப்போது விற்பேன் என்று வாங்குவதற்கு முன்பே நோட்டில் இரண்டு வரி எழுதட்டும். அமெரிக்கப் பள்ளிகளில் 1977 முதல் இப்படி ஒரு விளையாட்டு நடக்கிறது, அங்கே ஒரு லட்சம் டாலர் கற்பனைப் பணம். அதை நடத்துகிறவர்களே பக்கத்திலேயே ஒரு கட்டுரைப் போட்டியும் வைக்கிறார்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம், அந்த ஆப்பை விட்டுவிடுங்கள். நிஜக் கம்பெனிகளின் பங்கு விலையை வைத்து நடக்கும் இந்த மாதிரி விளையாட்டுத் தளங்களில் இறங்க வேண்டாம் என்று 2024 நவம்பரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே எச்சரித்திருக்கிறது. உங்களுக்கு ஆப் தேவையும் இல்லை. பழைய விலை போதும், தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ-யின் இணையதளத்தில் கிடைக்கும். 2018 ஆகஸ்டில் ஆரம்பித்து ஒரு பத்துப் பங்குகளின் மாதக் கடைசி விலையைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வருஷத்தையும் கம்பெனிப் பெயரையும் மறைத்துவிட்டு 'வங்கி 1', 'மென்பொருள் 1' என்று மட்டும் போடுங்கள். ஒரு வகுப்புக்கு ஒரு மாதம் என்று நகர்த்தினால் 20 வகுப்பில் 2020 மார்ச்சையே தொட்டுவிடலாம்.

அந்தப் பத்தில் யெஸ் பேங்க் கட்டாயம் இருக்கட்டும். 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட பங்கு, 2020 மார்ச் 6 அன்று ஒரு கட்டத்தில் ஆறு ரூபாய்க்கும் கீழே போனது. நடுவில் ஒவ்வொரு சரிவிலும் 'மலிவா கிடைக்குதே' என்று வாங்கப்போகும் பிள்ளை நிச்சயம் இருக்கும், அதன் நோட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். இன்ஃபோசிஸும் வேண்டும். 2018 செப்டம்பரில் அதன் விலை ஒரே மாதத்தில் பாதியானது மாதிரி தெரியும், பாதி வகுப்பு பதறி விற்கப் பார்க்கும். அது ஒன்றுக்கு ஒன்று போனஸ், அதாவது கையில் உள்ள ஒவ்வொரு பங்குக்கும் இன்னொன்று இலவசம்; பங்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானதால் விலை பாதியானது. புத்தகத்தில் போனஸ் பங்கு என்று ஒரு பத்தியில் படித்துவிட்டுப் போவதை விட இது மனதில் நிற்கும்.

செலவையும் பிடியுங்கள். ஒரு லட்சத்துக்குப் பங்கு வாங்கி, டெலிவரி எடுத்து (அன்றே விற்காமல் கணக்கில் சேர்த்து), பிறகு விற்றால் பங்குப் பரிவர்த்தனைக்கான எஸ்டிடி வரி மட்டும் வாங்கும்போது 100, விற்கும்போது 100. இருபது முறை இப்படிச் சுற்றினால் 4,000 ரூபாய் போய்விடும். பக்கத்தில் ஒரு கட்டத்தில் வங்கி டெபாசிட்டையும் எழுதி வையுங்கள், அது யாரும் தொடாமலே வட்டி சேர்த்துக்கொண்டிருக்கட்டும். கடைசியில் அதை எத்தனை பேர் முந்தினார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம்.

சரி, அந்தப் பையன். அவனைத் திட்டாதீர்கள், ஆர்வம் உள்ள பிள்ளை. செபி 2024-ல் வெளியிட்ட கணக்கைக் காட்டுங்கள்: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் என்ற அந்த மாதிரி ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். படித்ததும் 'நான் அந்த ஏழு பேரில் ஒருத்தன்' என்றுதான் நினைப்பான், அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான். அதனால் அடுத்த ஆட்டத்தில் அவனை ஆடவிடாமல் எக்ஸ்சேஞ்ச், அதாவது சந்தையாகவே ஆக்கிவிடுங்கள். விலைத்தாளை அவன்தான் வைத்திருக்க வேண்டும், அடுத்த மாத விலை தெரிந்தும் வாய் திறக்காமல், மற்ற 37 பேர் எழுதித் தரும் காரணங்களை அவன்தான் வாங்கிப் பதிய வேண்டும்.