அண்ணனின் பழைய இன்ஜினும் வியாபாரியின் அட்வான்ஸும்

கேள்வி: எங்கள் ஊர் மல்லிப்பட்டினம். 45 அடி மர விசைப்படகு ஒன்று வைத்திருக்கிறோம். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறார், கணக்கு வழக்கு நான் பார்க்கிறேன். இன்ஜின் 110 குதிரைத்திறன். ஒன்றரை வருடமாக மடி (இழுவலை) இழுக்கும்போது திணறுகிறது, கறுப்பாகப் புகை தள்ளுகிறது. ஆயில் குறைவதில்லை. முழுதாகப் பிரித்து ஓவராயில் பண்ண மூன்றரை லட்சம் ஆகும் என்கிறார் மெக்கானிக். இதே அளவில் புது இன்ஜின் 13 லட்சம். இதற்கிடையில் ஜெகதாப்பட்டினத்தில் இருக்கும் என் அண்ணன் தன் படகுக்குப் பெரிய இன்ஜின் போட்டுவிட்டார். பழைய 180 குதிரைத்திறன் இன்ஜினை 7 லட்சத்துக்கு எங்களை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பொருள் குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும் என்கிறார். அதற்கு கியர் பாக்ஸ், சாப்ட், காற்றாடி (புரொப்பெல்லர்) எல்லாம் மாற்ற இன்னும் 3 லட்சம். எங்கள் மீனை எடுக்கும் வியாபாரி 8 லட்சம் தரத் தயார், வட்டி கிடையாது, கமிஷனை மட்டும் 8-லிருந்து 10 சதவீதம் ஆக்கிக்கொள்வாராம். கஜா புயலில் படகு உடைந்தபோது அவரிடம் வாங்கிய 6 லட்சம் அப்படியே நிற்கிறது. அட்வான்ஸ் வாங்காதவர்களுக்குக் கமிஷன் 5 சதவீதம்தான். எங்கள் இறாலுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் குறைத்துப் போடுவார், வருடத்துக்கு 5,000 கிலோ இறால் வரும். வருடத்துக்கு நூறு தடவை கடலுக்குப் போகிறோம், தடவைக்கு 180 லிட்டர் டீசல், சராசரி விற்பனை 45,000 ரூபாய். செலவு போக மீதியில் 60 எங்களுக்கு, 40 ஆட்களுக்கு. 15 கடல் மைல் போய்த் தொழில் செய்கிறோம். பேங்கில் இரண்டரை லட்சம் டெபாசிட்டும், 20 பவுன் நகையும் இருக்கின்றன. அந்த டெபாசிட்டை எடுத்து யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போட்டால் ஐந்து வருடத்தில் புது இன்ஜினே வாங்கலாம் என்கிறார் மேனேஜர். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற ஜூன் 15-க்குள் முடிவு செய்தாக வேண்டும். அண்ணனிடம் முடியாது என்று சொல்லவும் பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, இவ்வளவு சுத்தமாகக் கணக்கு எழுதி அனுப்பியவருக்கு நான் பாடம் நடத்தத் தேவையில்லை. ஆனால் நீங்கள் எழுதிய எண்களில் ஒன்றை மட்டும் நீங்களே கூட்டிப் பார்க்கவில்லை. கடிதத்தின் நடுவில் ஒரே வரியில் சொல்லிக் கடந்துபோன அந்த 6 லட்சம்தான் அது.

அது வட்டியில்லாக் கடன் இல்லை. கணக்கைப் பாருங்கள். வருட விற்பனை 45 லட்சம். மற்றவர்கள் 5 சதவீதம் கொடுக்கும் இடத்தில் நீங்கள் 8 கொடுக்கிறீர்கள். கூடுதல் 3 சதவீதம், 1,35,000 ரூபாய். இறாலில் கிலோவுக்கு 20 ரூபாய் வீதம் 5,000 கிலோவுக்கு ஒரு லட்சம். ஆக வருடத்துக்கு 2,35,000. ஆறு லட்சத்துக்கு இது 39 சதவீதம்! மீட்டர் வட்டிக்காரர்கூட இந்த அளவை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார். 2018 நவம்பரில் கஜா அடித்தது. அதற்குப் பிறகு ஏழு சீசன் என்று வைத்தால் உங்கள் படகின் வருமானத்தில் 16 லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது, அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. நீங்கள் சொன்ன 13 லட்சம் புது இன்ஜினை உங்கள் படகு ஏற்கெனவே வாங்கியாயிற்று. அது வியாபாரி வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்லவில்லை. புயலுக்கு மறுநாள் கையில் காசோடு வந்து நின்றவர் அவர்தான், பேங்க் வரவில்லை. ஆனால் ஆபத்துக்கு வாங்கியதைப் பழக்கமாக்கியது நீங்கள். தடைக்காலம் முடிந்து படகை இறக்கும்போது ஐஸ், டீசல், வலைச் செலவுக்கும் அவரிடம்தான் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் போய் நிற்பவரால் கமிஷனைக் குறைக்கச் சொல்லிக் கேட்க முடியாது.

இப்போது இன்னும் 8 லட்சம். மொத்தம் 14. கமிஷன் 10 சதவீதம் என்றால் பெரிய இன்ஜின் கூடுதலாகப் பிடித்துத் தரும் மீனிலும் பத்தில் ஒரு பங்கு அவருக்கு. இன்ஜின் தேய்மானம் உங்களுக்கு.

சரி, அந்த 180 குதிரைத்திறன் என்ன தரும் என்று பார்ப்போம். நான் மெக்கானிக் இல்லை, கடலோரக் கிளை ஒன்றில் பல வருடம் படகுக் கடன் பார்த்தவன். அங்கே கற்றுக்கொண்டது இது. தண்ணீரைக் கிழித்துப் போகும் கனத்த மரப்படகுக்கு அதன் நீளமே ஓரளவு வேகத்தை முடிவு செய்துவிடும். 45 அடிக்கு மணிக்கு ஒன்பது கடல் மைல் பக்கம் வந்தபின் எவ்வளவு சக்தி கொடுத்தாலும் படகு முன்னால் அலையைத்தான் தள்ளும். அதற்குக் கீழேயும் வேகத்தைப் பத்து சதவீதம் கூட்ட, சக்தியை முப்பது சதவீதத்துக்கு மேல் கூட்ட வேண்டும். உங்கள் படகு இன்ஜின் நன்றாக இருந்த காலத்தில் எட்டு மைல் ஓடியது என்று வைத்துக்கொள்வோம். 15 மைலுக்கு 112 நிமிடம். ஒன்பது மைல் ஓடினால் 100 நிமிடம். பத்து லட்சம் கொட்டி நீங்கள் வாங்கப்போவது 12 நிமிடம்.

இழுவைக்கு உதவும் என்று வீட்டுக்காரர் சொல்வார். சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு டீசல் வேண்டும். இப்போது 180 லிட்டர் என்றால் அந்த இன்ஜினுக்கு 250 ஆகும் என்று வையுங்கள். நூறு தடவைக்கு 25,000 லிட்டர். விசைப்படகுக்கு வரி விலக்கு டீசல் வருடத்துக்கு 19,000 லிட்டர்தான் (முன்பு 18,000 இருந்தது). இன்று நீங்கள் அந்த அளவுக்குள்ளேயே முடித்துவிடுகிறீர்கள். நாளைக்கு 6,000 லிட்டர் பங்க் விலையில் வாங்க வேண்டும். கூடுதல் 7,000 லிட்டரும் சேர்ந்து வருடத்துக்கு ஏறக்குறைய 6 லட்சம். கமிஷன் 2 சதவீதம் ஏறியதில் 90,000. எட்டு லட்சத்தை ஐந்து வருடத்தில் அடைக்க வருடத்துக்கு 1,60,000. அது உங்கள் 60 பங்கிலிருந்து வர வேண்டும் என்பதால் மீனாகப் பார்த்தால் 2,70,000. மொத்தம் 9,60,000. தடவைக்கு 9,600 ரூபாய் மீன் கூடுதலாக வந்தால்தான் இன்றைய நிலையிலேயே நிற்பீர்கள். அதாவது ஒவ்வொரு தடவையும் இப்போது பிடிப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக! டீசல் முதலில் கழிவதால் ஆட்களின் பங்கும் இளைக்கும். நல்ல ஆட்கள் பக்கத்துப் படகுக்குப் போய்விடுவார்கள்.

உங்கள் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான். பெரிய இன்ஜின் போட்டால் நான்காவது நாள் முளைத்துவிடாது. மூன்று நாளில் முதலை எடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போவோம் என்று தோன்றும். பாக் நீரிணையில் அந்தக் ‘கொஞ்சம்’ எங்கே கொண்டுபோய் விடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு அக்கரையில் அரசுடைமை ஆனால் இன்ஜினும் அதோடு போகும், 14 லட்சம் அட்வான்ஸ் மட்டும் மல்லிப்பட்டினத்தில் இருக்கும். அந்தப் பயத்தோடு வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு நீங்கள் வீட்டில் உட்கார முடியுமா?

கிளையில் இருந்தபோது இப்படித்தான் ஒருவர், பழைய மரப்படகில் ஏறக்குறைய இரட்டிப்புச் சக்தியுள்ள இன்ஜினை ஏற்றினார். முதல் மாதம் சந்தோஷமாக இருந்தார். மூன்றாவது மாதம் அதிர்வில் இன்ஜின் படுக்கையின் போல்ட்டுகள் தளர்ந்து, பலகை இடுக்குகளில் தண்ணீர் கசியத் தொடங்கியது. ஆய்வுக்குப் போனபோது அடித்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், ஒரு பையன் வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான். படகைக் கரையேற்றி மரவேலை செய்ததில் இன்ஜின் விலையில் பாதி போனது. கடன் தவணையை மாற்றி எழுதிக் கொடுத்தது நான்தான், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.

இன்னொன்று, உங்கள் அண்ணனே அந்த இன்ஜினை ஏன் கழற்றினார்? எத்தனை மணி நேரம் ஓடியது, கிராங்க் ஷாப்டை எத்தனை முறை கடைந்தது என்று கேட்டீர்களா? வெளியாளிடம் வாங்கினால் இதையெல்லாம் கேட்டிருப்பீர்கள். கூடப் பிறந்தவரிடம் கேட்க வாய் வராது. சொந்தத்தில் வாங்குவதில் நஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அப்புறம், படகின் பதிவில் உள்ள இன்ஜினை மாற்றினால் மீன்வளத்துறையில் திருத்தியாக வேண்டும். தடைக்காலத்தில் படகு ஆய்வுக்கு வருவார்கள். கடலில் மீன்பிடி விசைப்படகுக்கு உச்சவரம்பு 240 குதிரைத்திறன். நீங்கள் அதற்குள்தான் வருவீர்கள். அண்ணன் புதிதாகப் போட்டது வருகிறதா என்று அவரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஆகவே ஓவராயில்தான், அதிலும் அவசரம் வேண்டாம். ஆயில் குறையவில்லை, புகை நீலமாக இல்லை, கறுப்பாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிஸ்டன் ரிங் போயிருந்தால் ஆயில் குடிக்கும், நீலப்புகை வரும். கறுப்புப் புகை பெரும்பாலும் டீசல் சரியாக எரியாததால் அல்லது பாரம் அதிகமானதால் வருவது. படகு இப்போது கரையில்தானே இருக்கிறது? முதலில் அடியில் ஒட்டியிருக்கும் சிப்பி போன்ற கொட்டலசைச் சுரண்டுங்கள். காற்றாடியின் இலை வளைந்திருக்கிறதா, சாப்டில் வலைத் துண்டு சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜெக்டரையும் பம்பையும் கழற்றி டெஸ்ட்டுக்குக் கொடுங்கள். சில்லறைச் செலவில் முடியும் வேலையாகவும் இருக்கலாம். கம்ப்ரஷனும் குறைந்திருந்தால் மட்டும் பிரியுங்கள். பிரித்தபின் பிளாக்கில் விரிசல் இருந்தாலோ, கிராங்க் இனிக் கடைய முடியாத அளவுக்கு வந்திருந்தாலோ ஓவராயிலில் காசைப் போடாதீர்கள். அப்போது புது இன்ஜின், இதே 110-ல்.

பணத்துக்கு வருவோம். யூலிப்பை மறந்துவிடுங்கள். ஐந்து வருடம் எடுக்க முடியாத இடத்தில், காப்பீட்டுக்கும் கட்டணத்துக்கும் கொஞ்சம் கழித்துக்கொண்டு, மீதியைப் பெரும்பாலும் பங்குச்சந்தையில் போடுவார்கள். இந்த ஜூனில் இன்ஜின் திணறும் வீட்டுக்கு அது எதற்கு? மேனேஜருக்கு மாத இலக்கு இருக்கும், அதை நீங்கள் முடித்துக்கொடுக்க வேண்டியதில்லை. அதே மேனேஜரிடம் மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டு கேளுங்கள். 2 லட்சம் வரை 7 சதவீதம், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். அதை அவர் தானாகச் சொல்லமாட்டார், அவருக்கு அதில் ஒன்றுமில்லை. டெபாசிட்டை உடைத்து இன்ஜின் வேலைக்குக் கொடுங்கள். படகு இறக்கும் செலவுக்குக் கார்டு. ஜூன் மாதம் வியாபாரி வாசலுக்குப் போகும் காரணமே அதோடு போய்விடும்.

அந்த 6 லட்சத்தை அடைக்க நகையை வைக்கச் சொல்வேன். நகை உங்களுடையது, அதனால் முடிவும் உங்களுடையது. பேங்கில்தான் வைக்க வேண்டும், கடைத்தெரு அடகுக்கடையில் இல்லை. 20 பவுனுக்கு இன்றைய விலையில் 6 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். 10 சதவீதம் வட்டி என்றால் முதல் வருடம் 60,000. வியாபாரிக்குப் போய்க்கொண்டிருந்த 2,35,000-ல் உங்கள் 60 பங்குக்கு வருவது 1,41,000, அதை அப்படியே இங்கே கட்டுங்கள். முதல் வருடம் அசல் 5,19,000-க்கு வரும், இரண்டாவது வருடம் 4,30,000, மூன்றாவது வருடம் 3,32,000, ஐந்தாவது வருடம் ஒரு லட்சத்து ஐயாயிரம் சொச்சம் மிஞ்சும். ஏழு வருடமாக அசையாத கடன் ஆறாவது சீசனில் முடிந்து நகை வீட்டுக்கு வந்துவிடும். கையில் ஒரு பைசா கூடுதலாக வேண்டியதில்லை. தடைக்காலம் இரண்டு மாதமும் வருமானம் இருக்காது, அதனால் கட்டுவதைப் பத்து மாதத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். நகைக்கடனுக்குப் புதுப்பிக்கும் தேதி இருக்கும், அதை காலண்டரில் குறித்துவையுங்கள்.

வியாபாரியிடம் முறைத்துக்கொள்ள வேண்டாம். பணத்தைக் கொடுத்துவிட்டு, மீனை இனியும் உங்களிடமே போடுகிறோம், எல்லோரையும் போல 5 சதவீதத்துக்கு என்று சொல்லுங்கள். அவர் ஒத்துக்கொள்ளவே வாய்ப்பு அதிகம், மீன் போகும் இடம் மாறுவது அவருக்கும் நல்லதில்லை. பணம் கொடுக்கும்போதே 2018-ல் கையெழுத்துப் போட்டுக்கொடுத்த புரோநோட்டைத் திருப்பி வாங்கிவிடுங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதையும். ‘வீட்டில் தேடித் தருகிறேன்’ என்றால், அவர் தேடி எடுக்கும் வரை பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

அண்ணன் விஷயம். இன்ஜின் வேண்டாம் என்று நீங்கள் சொல்லப் போகாதீர்கள், அது அண்ணன் தங்கை சண்டையாகிவிடும். மெக்கானிக்கை உங்கள் படகுக்குள் இறங்கிப் பார்க்கச் சொல்லி, இந்தப் படுக்கையும் பலகையும் 180 தாங்குமா என்று அண்ணனை வைத்துக்கொண்டே கேளுங்கள். பதிலை மெக்கானிக் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் டீ ஊற்றிக்கொண்டிருங்கள்.