வெளிநாட்டில் செல்போன்: ரோமிங், இ-சிம், ஓடிபி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, முதல் தடவையாக வெளிநாடு போகிறேன். இருக்கிற சிம்மிலேயே ரோமிங் போடுவதா, அங்கே போய் சிம் வாங்குவதா, இ-சிம்மா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

எல்லோரும் "எந்த சிம்" என்றே யோசிப்பதால் வரும் குழப்பம் இது. உங்கள் நம்பர் ஒரு வேலை, இன்டர்நெட் இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே சிம்மில் போட்டு அடைக்க வேண்டியதில்லை.

வங்கி ஓடிபி வரவும், அவசரத்துக்கு வீட்டிலிருந்து கூப்பிடவும் பழைய நம்பர் உயிரோடு இருந்தால் போதும். ரோமிங்கில் வந்து சேரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் காசு எடுப்பதில்லை. வருகிற அழைப்பை எடுத்தால்தான் எடுப்பார்கள். மேப், வாட்ஸ்அப், டாக்சி எல்லாம் இன்டர்நெட்டில் ஓடுபவை. அதை எங்கே மலிவோ அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் உங்கள் நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும், அலைச்சல் மிச்சம். அதற்கு மேல் என்றால் பழைய சிம்மை நம்பருக்கு மட்டும் வைத்துக்கொண்டு, டேட்டாவுக்கு ஒரு இ-சிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே இறக்கிக்கொள்ளும் சிம்) போடுங்கள். அந்த ஊர்க்காரர்கள் உங்களைக் கூப்பிட வேண்டியிருந்தால் மட்டும் உள்ளூர் சிம் வாங்குங்கள். பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம் பலவற்றில் நம்பரே கிடையாது, வெறும் டேட்டாதான்.

கேள்வி: இ-சிம் வாங்கியாயிற்று. இறங்கியதும் டவர் காட்டுகிறது, நெட் வரவில்லை. "டேட்டா ரோமிங் ஆன் பண்ணுங்கள்" என்கிறார்கள். பில் எகிறிவிடாதா?

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அவர்கள் சொல்வதும் சரிதான். பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு நிறுவனத்துடையது. நீங்கள் இறங்கிய ஊரில் அதுவும் ஒரு விருந்தாளி, ரோமிங்கில்தான் ஓடும். நீங்கள் முன்கூட்டியே கட்டிய பணத்துக்குள் ஓடுவதால் தனி பில் வராது.

பார்க்க வேண்டிய இடம், இரண்டு சிம்முக்கும் தனித்தனியாக இருக்கும் அந்த ஸ்விட்ச். போனின் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போனால் இரண்டு லைனும் தனித்தனியாகத் தெரியும். இ-சிம்மைத் தொட்டு உள்ளே போய் டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். வெளியே வந்து பழைய சிம்மைத் தொட்டு, அங்கே அது ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு "மொபைல் டேட்டா எந்த சிம்மில்" என்ற இடத்தில் இ-சிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

ஐபோனில் இன்னொன்று உண்டு. 'அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்' என்ற ஸ்விட்ச் ஆனில் இருந்தால், இ-சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாகவே பழைய சிம்முக்குத் தாவப் பார்க்கும். ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றிலும் இதுபோல ஒன்று உண்டு. இதை அணைத்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும்.

இதற்குப் பிறகும் நெட் வராவிட்டால், இ-சிம் விற்றவர் அனுப்பிய ஏபிஎன் பெயரை (நெட்டில் இணைய போன் பயன்படுத்தும் வழியின் பெயர்) போனில் சரிபாருங்கள். கோபத்தில் இ-சிம்மை டெலிட் செய்துவிடாதீர்கள். பல நிறுவனங்களின் கியூஆர் கோடு ஒரே முறைதான் வேலை செய்யும். இ-சிம்மை இறக்கவே இன்டர்நெட் வேண்டும் என்பதால், கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் ஏற்றி வைப்பது நல்லது.

கேள்வி: சார், போன பயணத்தில் ஓடிபி வரவே இல்லை. கார்டில் பணம் இருந்தும் டிக்கெட் போட முடியவில்லை. இந்த முறை என்ன செய்யலாம்?

முதலில், சிம்மில் ரோமிங் வசதி கிளம்பும் முன்பே திறந்திருக்க வேண்டும். பல நிறுவனங்களில் அதை நாமே கேட்டுத்தான் திறக்க வேண்டும். ப்ரீபெய்டு என்றால் வேலிடிட்டி திரும்பி வரும் நாளைத் தாண்டி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

டேட்டாவை அணைத்தால் எஸ்எம்எஸ் வராது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இரண்டும் வேறு வேறு. சிம் ஆனில் இருந்து, ஏதாவது ஒரு நெட்வொர்க்கைப் பிடித்திருந்தால் போதும். பிடித்தும் வரவில்லை என்றால், தானாக நெட்வொர்க் தேர்ந்தெடுக்கும் வசதியை அணைத்துவிட்டு, பட்டியலில் உள்ள வேறொரு நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள்.

ஆனாலும் எல்லாவற்றையும் எஸ்எம்எஸ்ஸை நம்பியே வைக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். மெயில் போன்ற முக்கியமான கணக்குகளுக்கு ஆத்தென்டிகேட்டர் ஆப் (எஸ்எம்எஸ் இல்லாமல் போனிலேயே லாகின் கோடு உருவாக்கும் ஆப்) போட்டுக்கொள்ளுங்கள். அது நெட் இல்லாமலும் கோடு தரும். போன் கையில் இல்லாதபோது கணக்கைத் திறக்க உதவும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி, போன் இருக்கும் பையில் அல்லாமல் வேறு பையில் வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

கேள்வி: ஒரு அழைப்பையும் எடுக்கவில்லை. ஆனாலும் அழைப்புக் கட்டணம் வந்திருக்கிறது. இது எப்படி?

உங்களுக்கு வாய்ஸ்மெயிலோ, அழைப்பை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டோ இருந்திருக்கும். ரோமிங்கில் அழைப்பு முதலில் உங்களைத் தேடி வெளிநாட்டுக்கு வருகிறது. நீங்கள் எடுக்காவிட்டால், அங்கிருந்து வாய்ஸ்மெயிலுக்காகத் திரும்பச் சொந்த நாட்டுக்கே போகிறது. வந்த வழிக்கு ஒரு கட்டணம், திரும்பிய வழிக்கு சர்வதேச அழைப்புக் கட்டணம் என்று இரண்டும் உங்கள் தலையில் விழலாம். கிளம்பும் முன் ##002# டயல் செய்தால் எல்லா ஃபார்வர்டும் ரத்தாகும். நிறுவனத்திடம் பில்லைக் காட்டிக் கேட்டும் பாருங்கள், கேட்பதில் தவறில்லை.

கேள்வி: விமானத்திலும் கப்பலிலும் டவர் காட்டுகிறதே, பேக் இருந்தால் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது தரையில் இருக்கும் டவர் இல்லை, சேட்டிலைட் வழியாக ஓடுவது. சாதாரண ரோமிங் பேக் பெரும்பாலும் இதற்குச் செல்லாது, கட்டணமும் மிக அதிகம். துறைமுகம் தாண்டியதும் ஏர்பிளேன் மோடு போட்டுவிட்டு, வேண்டுமானால் வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.

கேள்வி: என்னுடையது பழைய போன். அமெரிக்காவில் பேச முடியுமா அண்ணே?

வோல்டிஇ (4ஜி வழியாகவே சாதாரண அழைப்பு பேசும் வசதி) இல்லாத போன் என்றால் சிரமம். அங்கே பெரிய நிறுவனங்கள் மூன்றும் 2022-க்குள் 3ஜியை நிறுத்திவிட்டன. ஆஸ்திரேலியாவிலும் 2024-இல் நிறுத்தினார்கள். 4ஜியில் நெட் ஓடும் போனிலும், வோல்டிஇ சரியாகப் பொருந்தாவிட்டால் சாதாரண அழைப்பு போகாது. உங்கள் மாடல் அந்த நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சிம் வாங்குங்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் ஐந்தாறு நாடு சுற்றப் போகிறோம். நாட்டுக்கு ஒரு சிம்மா?

ஒன்று போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜூன் 15 முதல், ஒரு உறுப்பு நாட்டு சிம்மை மற்ற உறுப்பு நாடுகளில் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் பயன்படுத்தலாம், டேட்டாவுக்கு ஒரு வரம்போடு. நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைனும் இதில் சேர்ந்தவை. சுவிட்சர்லாந்து சேராது, பிரிட்டனுக்கும் இந்தச் சட்டம் இப்போது இல்லை. எல்லையோர ஊர்களில் போன் சுவிஸ் டவரைப் பிடித்துக்கொள்ளும், கவனம்.

கேள்வி: சீனாவில் வாட்ஸ்அப், கூகுள் திறக்காது என்கிறார்களே?

ஓட்டல் வைஃபையிலும் உள்ளூர் சிம்மிலும் திறக்காது. ஆனால் உங்கள் ஊர் சிம்மில் ரோமிங் டேட்டா போட்டால் பொதுவாகத் திறக்கும். ரோமிங் டேட்டா உங்கள் சொந்த நிறுவனத்தின் வழியாகச் சுற்றி வெளியே போவதுதான் காரணம். நான் முதலில் சொன்ன கணக்கு தலைகீழாகும் இடம் இது: இங்கே உள்ளூர் சிம்மை விட ரோமிங்கே உதவும்.

கேள்வி: மகள் துருக்கிக்குப் படிக்கப் போகிறாள். போனைப் பதிவு செய்ய வேண்டுமாமே?

ஆமாம். வெளிநாட்டிலிருந்து கொண்டுபோன போனில் துருக்கி சிம் போட்டால் 120 நாள் வரைதான் ஓடும். அதற்குள் கட்டணம் கட்டி ஐஎம்இஐ நம்பரை, அதாவது போனின் தனி அடையாள எண்ணைப் பதியாவிட்டால் முடக்கிவிடுவார்கள். *#06# அழுத்தினால் அந்த 15 இலக்க எண் வரும். இப்போதே குறித்துத் தரச் சொல்லுங்கள். போன் திருடு போய்ப் புகார் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

கேள்வி: பவர் பேங்க், சார்ஜர்?

சார்ஜரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருந்தால் பின்னை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான், 100 வாட்-ஹவருக்குள் (Wh). 27,000 எம்ஏஎச் அளவில் அந்த வரம்பு வந்துவிடும்.

கேள்வி: அவசரத்துக்கு எந்த நம்பர்?

112. பல நாடுகளில் போன் பூட்டியிருந்தாலும் போகும், உங்கள் நெட்வொர்க் கிடைக்காவிட்டால் வேறு நெட்வொர்க் வழியாகவும் போகும். ஜெர்மனி போன்ற சில இடங்களில் சிம் உள்ளே இருந்தாக வேண்டும். அதனால் டேட்டாவை அணைத்தாலும் சிம்மைக் கழற்றிவிடாதீர்கள்.