பழைய எலும்பில் தடயவியல் டிஎன்ஏ கிட் எடுபடுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துக் குவார் கெப்பாவில் 2017இல் கிடைத்த புதிய கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு போன்றவற்றைத் தடயவியல் கிட்டில், அதாவது குற்ற வழக்குகளில் ஆளை அடையாளம் காணும் டிஎன்ஏ சோதனைத் தொகுப்பில், சோதிக்கலாமா என்பது கேள்வி. நேரடியாகப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் வராது. அந்தக் கிட்டுகளுக்குச் சுமார் 100 முதல் 450 பேஸ் பேர் (டிஎன்ஏ நீளத்தின் அலகு) நீளத் துண்டுகள் வேண்டும். நம் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்த எலும்பில் மிஞ்சுவது பெரும்பாலும் 100க்கும் குறைவுதான். அதனால் குட்டித் துண்டுகளையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் சீக்வென்சிங்தான் வழி.

தடயவியலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வெளி டிஎன்ஏ கலக்காமல் காக்கும் அதன் கட்டுப்பாடு. எலும்பைத் தொட்டவர்கள் எல்லாருடைய டிஎன்ஏவையும் ஒப்பிட எடுத்து வையுங்கள். துளைத்த எலும்பு திரும்ப வராது, ஆகவே முதலில் சிடி ஸ்கேன். உள்காதைச் சுற்றிய பெட்ரஸ் எலும்பு சிறந்த இடம், இல்லையென்றால் பல்வேர். மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள், சூடேறினால் டிஎன்ஏ சிதையும். 50 மில்லிகிராம் தூள், அதாவது இரண்டு அரிசி மணி எடை, போதும். எலும்பின் கால்சியத்தைக் கரைக்கும் 0.5 மோலார் ஈடிடிஏ 1 மில்லிலிட்டர், புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே சேர்த்து 37 டிகிரியில் இரவு முழுக்கச் சுழலட்டும். பிறகு டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கா வடிகட்டி.

வந்த திரவம் தேநீர் நிறத்தில் இருந்தால் மண்ணின் ஹியூமிக் அமிலம் கலந்திருக்கிறது, டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முடங்கும். திரவத்தை நீர்க்கச் செய்து பாருங்கள். வெளிக் கலப்பு தெரிய, எலும்பே இல்லாத வெற்றுக் குழாயையும் கூடவே ஓட்டுவது கட்டாயம். துண்டுகளின் முனையில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து தைமின் என்ற எழுத்தாக மாறிய, பழைய டிஎன்ஏவுக்கே உரிய தேய்மானம் தெரியாவிட்டால், நீங்கள் படிப்பது தொட்டவரின் டிஎன்ஏவாக இருக்கலாம்.