பழைய எம்3 காரில் ஏபிஎஸ், டிஎஸ்சி, பிரேக் விளக்குகள் மூன்றும் சேர்ந்து எரிகின்றன. மாட்யூலை மாற்றத்தான் வேண்டுமா?

2003ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ எம்3 (ஈ46) காரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஷ்போர்டில் அந்த மூன்று மஞ்சள் எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிவதாகவும், பட்டறையில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) மாட்யூலை, அதாவது அதன் கட்டுப்பாட்டு யூனிட்டை, மாற்றச் சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் பதில். அந்த மாட்யூல் பழுதாவதும் உண்டுதான்; ஆனால் விலை மிகுந்த, மாற்றிய பின் வண்டிக்கேற்பக் கோடிங் (மென்பொருள் அமைவு) செய்ய வேண்டிய அந்தப் பாகத்தை மற்ற எல்லாவற்றையும் சோதித்த பிறகே சந்தேகிக்க வேண்டும்.

மூன்று விளக்குகள் எரிவதால் மூன்று பழுதுகள் இருப்பதாகப் பொருளில்லை. சக்கரங்களின் வேகத்தை அளக்கும் நான்கு சென்சார்களில் ஒன்றின் தகவல் வராமல் போனாலே ஏபிஎஸ் தன்னை நிறுத்திக்கொள்ளும். அந்தத் தகவலை நம்பியே இயங்கும் டிஎஸ்சியும் (வண்டி சறுக்காமல் நிலைநிறுத்தும் அமைப்பு), முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பகிர்ந்தளிக்கும் அமைப்பும் அதனுடன் சேர்ந்து நின்றுவிடும். அதே வேளையில் ஸ்பீடோமீட்டரும் செத்துப்போயிருந்தால் பின்பக்க இடது சக்கரத்தின் சென்சாரை முதலில் பாருங்கள், ஏனெனில் இந்த வண்டியில் ஸ்பீடோமீட்டருக்கு வேகத் தகவல் அங்கிருந்துதான் போகிறது.

சென்சாரைத் தொடுவதற்கு முன் பேட்டரியை அளந்துவிடுவது நல்லது. இருபது ஆண்டு கடந்த எந்த வண்டியிலும் நான் இதைச் செய்யாமல் அடுத்த அடி வைப்பதில்லை. மின்னழுத்தம் தாழ்ந்தால் நல்ல மாட்யூல்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுக்குறியீடுகளைப் பதிந்து நம்மைத் திசைதிருப்பிவிடும். வண்டி ஓய்ந்திருக்கும்போது 12.6 வோல்ட் அளவிலும், இஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வோல்ட் வரையிலும் இருக்க வேண்டும். இந்த வண்டியில் பேட்டரி டிக்கியில் இருப்பதால் இஞ்சினுக்கு மின்சாரம் நீண்ட கேபிள் வழியாகப் போகிறது. ஆகவே பேட்டரி முனைகளில் மட்டும் அளந்து திருப்தியடையக் கூடாது. ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் ஓடும்போது, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை இஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பில் துருவோ தளர்வோ இருக்கிறது. ஓம்ஸ் (மின்தடை) அளவில் நலமாகத் தெரியும் துருப்பிடித்த இணைப்பும் மின்சாரம் பாயும்போதுதான் தன் குறையைக் காட்டும் என்பதால், இங்கே வோல்ட் வீழ்ச்சியை அளப்பதே சரியான முறை.

அடுத்தது ஸ்கேன், அதாவது மாட்யூல்களில் பதிந்த பழுதுக்குறியீடுகளைப் படிப்பது. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஓபிடி கருவி பெரும்பாலும் இஞ்சினின் குறியீடுகளை மட்டுமே படிக்கும். ஏபிஎஸ் மாட்யூலுடன் பேச இன்பா போன்ற, பி.எம்.டபிள்யூ வண்டிகளுக்கே உரிய மென்பொருளும் அதற்கான கேபிளும் வேண்டும். பழுதுக்குறியீடு ஒரு சக்கரத்தின் பெயரைச் சொன்னாலும், உடனே புதிய சென்சார் வாங்கக் கிளம்பாதீர்கள். அந்தச் சர்க்யூட்டில் ஏதோ கோளாறு என்பதற்கு மேல் அந்தக் குறியீட்டுக்கு ஒன்றும் தெரியாது. நண்பர் ஒருவர் வண்டியை ஓட்ட, நீங்கள் பக்கத்தில் அமர்ந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் லைவ் டேட்டாவில் (ஓடும்போதே திரையில் வரும் அளவுகளில்) பாருங்கள். ஒன்று மட்டும் முழுக்கச் சுழியமாக இருந்தால் ஒயர் அறுந்திருக்கலாம். மெல்லப் போகும்போது துள்ளித் துள்ளி விழுந்தால் சென்சார் முனையில் இரும்புத் தூளோ துருவோ படிந்திருக்கலாம், அல்லது வீல் பேரிங் ஆடலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் அறுபட்டால் சக்கரத்தோடு சேர்ந்து வளையும் ஒயரைத்தான் பிடிக்க வேண்டும். பனிக்காலத்தில் உப்புத் தூவும் நாட்டில் ஓடிய வண்டி என்றால் அந்த ஒயரின் கனெக்டருக்குள் பச்சைத் துரு பூத்திருப்பதையும் எதிர்பாருங்கள்.

இவை ஆக்டிவ் வகை சென்சார்கள். அனுப்பும் மின்னோட்டத்தை 7, 14 மில்லி ஆம்பியர் அளவுகளுக்கிடையே மாற்றியே வேகத்தைச் சொல்கின்றன. ஆகவே பழைய காயில் வகைக்குச் செய்வதுபோல் ஓம்ஸ் அளந்து நல்லது, கெட்டது என்று தீர்ப்பளிக்க முடியாது. ஒரே அச்சிலுள்ள இடது, வலது சென்சார்களை மாற்றிப் பொருத்திப் பாருங்கள். அவற்றின் பாக எண் ஒன்றாக இருந்தால் போதும். பழுது சென்சாரோடு இடம் மாறினால் சென்சார் கெட்டது, மாறாமல் நின்றால் ஒயரோ பேரிங்கோ மாட்யூலோதான் காரணம். பிரேக் லைட் சுவிட்சையும் மறக்காதீர்கள். மலிவான பாகம், ஆனால் பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதில் டிஎஸ்சி அதன் சொல்லை நம்புகிறது.

இத்தனைக்குப் பிறகும் குறியீடு (பிரேக் அழுத்தத்தை அளக்கும்) பிரஷர் சென்சாரையோ மாட்யூலின் உட்பகுதியையோ சுட்டினால், பட்டறைக்காரர் சொன்னது சரிதான். அப்போதும் முழு யூனிட்டைப் புதிதாக வாங்கும் முன், பழையதைக் கழற்றி அனுப்பினால் பழுது நீக்கித் தருபவர்களிடம் விசாரியுங்கள். உங்கள் வண்டியின் கோடிங் அதிலேயே இருப்பதால் திரும்பப் பொருத்துவதும் எளிது.

ஏர்பேக் விளக்கும் எரியத் தொடங்கினால் ஏர்பேக் ஒயர்களின் மஞ்சள் கனெக்டர்களில் மல்டிமீட்டரை வைக்கவே வைக்காதீர்கள். மீட்டரின் சிறு மின்னோட்டத்தையும் அந்தச் சர்க்யூட்டில் செலுத்துவது ஆபத்து, அதை அத்துறை அறிந்தவரிடம் விடுங்கள். மேலும் டிஎஸ்சி இயங்காத 343 குதிரைத்திறன் கொண்ட, பின்சக்கரங்களால் உந்தப்படும் வண்டி இது. பழுது தீரும் வரை மழையில் இதை வெளியே எடுக்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.