பதான்கோட்டில் பிறந்தவருக்கு எந்த மாவட்டம்?

கேள்வி: அப்பா ராணுவத்தில் இருந்தபோது, 1984-ல் பதான்கோட்டில் பிறந்தேன். பிறப்புச் சான்றில் மாவட்டம் குருதாஸ்பூர் என்றிருக்கிறது; என் பெயருக்கான இடம் காலி. இப்போது பதான்கோட் தனி மாவட்டமாமே? சான்றைத் திருத்த வேண்டுமா, யாருக்கு எழுதுவது? (வாசகி, வேலூர்)

பதில்: மாவட்டத்தின் பெயரில் கை வைக்காதீர்கள். பஞ்சாபின் பதான்கோட் தனி மாவட்டமானது 2011 ஜூலை 27 அன்றுதான். அதுவரை அது குருதாஸ்பூர் மாவட்டத்துத் தாசில், அதாவது தாலுகா. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் (1969) 15-ஆம் பிரிவு பிழையான பதிவைத் திருத்துவதற்கு உள்ளது. உங்கள் பதிவில் பிழையே இல்லை. விண்ணப்பங்களில் ஊர் பதான்கோட், மாவட்டம் சான்றில் உள்ளபடி என்றே எழுதுங்கள். யாராவது கேள்வி கேட்டால் 2011 என்ற ஆண்டைச் சொன்னால் போதும்.

குருதாஸ்பூர் மாவட்டத்துக்கு எல்லை மாறுவது புதிதல்ல. 1947-க்கு முன் குருதாஸ்பூர், பட்டாலா, பதான்கோட், ஷகர்கர் என நான்கு தாசில்கள். இந்திய சுதந்திரச் சட்டத்தின் தற்காலிகப் பட்டியல் மாவட்டம் முழுவதையும் மேற்குப் பஞ்சாபில், அதாவது பாகிஸ்தானில் வைத்திருந்தது. இரு நாடுகளின் எல்லையை வகுத்த ராட்கிளிஃப் தீர்ப்பு வெளியானதோ ஆகஸ்ட் 17-ல். சுதந்திரம் வந்து இரண்டு நாள் வரை தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே அங்குள்ளவர்களுக்கு உறுதியில்லை. தீர்ப்பில் ஷகர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது. மற்ற மூன்றும் இந்தியாவுக்கு வந்தன. ஷகர்கர் தாசிலில் பிறந்த தாத்தா பாட்டியின் ஆவணத்திலும் குருதாஸ்பூர் என்றே இருக்கும், ஆனால் ஊர் இன்று பாகிஸ்தானின் நாரோவால் மாவட்டத்தில். கர்தார்பூர் குருத்வாரா இருப்பதும் அங்கேதான். 1966 நவம்பரில் பஞ்சாப் மாநிலம் பிரிந்தபோது, குருதாஸ்பூரில் இருந்த டல்ஹௌசியும் பக்லோவும் இமாசலத்துக்குப் போய்விட்டன. ராணுவக் குடும்பங்கள் அதிகம் குழம்புவது இந்த இரண்டு ஊர்களில்தான். ஆக, ஊர்ப் பெயரை மட்டும் வைத்து மாவட்டம் தேடாதீர்கள். எந்த வருடத்துப் பதிவு என்று முதலில் பாருங்கள்.

உண்மையில் உங்களுக்கு வேலை இருப்பது காலியாக உள்ள பெயரில். அதைச் சேர்க்க 14-ஆம் பிரிவு வழிவிடுகிறது. கோர வேண்டியவர் பெற்றோர் அல்லது காப்பாளர். பொதுவான கெடு 15 ஆண்டுகள். அதைத் தாண்டியவர்களுக்கு மாநில அரசுகள் அவ்வப்போது அவகாசம் நீட்டியிருக்கின்றன. ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இப்போது அவகாசம் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

பஞ்சாபில் பிறப்பு, இறப்புக்கான மாவட்டப் பதிவாளர், மாவட்டச் சுகாதாரத் துறைத் தலைவரான சிவில் சர்ஜன். பதான்கோட் சிவில் சர்ஜன் அலுவலகத்துக்கு எழுதி, ஒரு நகலைக் குருதாஸ்பூருக்கும் அனுப்பிவிடுங்கள். மாவட்டம் பிரிவதற்கு முந்தைய ஏடு எந்த அலமாரியில் கிடக்கிறது என்று இங்கிருந்து அலைவது மிச்சம். நேரில் போக ஆள் இருந்தால் அங்குள்ள சேவா கேந்திராவில் (அரசுச் சேவை மையம்) விசாரிக்கலாம். நம் ஊர்க் கலெக்டரின் வேலையை அங்கே பார்ப்பவர் டெபுடி கமிஷனர். ‘டெபுடி’ என்றதும் கீழ்நிலை அதிகாரி என்று நினைத்து, அவருக்கு மேலே இன்னொருவரைத் தேடி மனு எழுதுகிறவர்கள் உண்டு. மாவட்டத் தலைவரே அவர்தான். போலீஸ் புகார் என்றால் கணக்கு வேறு: பட்டாலா வருவாய்க்குக் குருதாஸ்பூரில் இருந்தாலும் தனிப் போலீஸ் மாவட்டம், அதற்குத் தனி எஸ்.எஸ்.பி. (மூத்த போலீஸ் கண்காணிப்பாளர்).

மனுவோடு பள்ளிச் சான்றின் நகலும், அப்பா ராணுவத்திலிருந்து விலகியபோது தந்த டிஸ்சார்ஜ் புக்கில் பிள்ளைகளின் பெயர் உள்ள பக்கமும் வையுங்கள். அந்தப் பக்கம் இல்லையென்றால், நீங்கள் பிறந்ததும் அவருடைய யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டரின் (வீரரின் குடும்ப விவரங்களைப் பதியும் உத்தரவு) நகலைக் கேட்டு, அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதலாம். அதில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும்.