யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் ஒரு வீடு – கடிதம்

வணக்கம்.

பொங்கல் விடுமுறையில் இரண்டு நாள் நெடுந்தீவில் தங்கினேன். பவளக்கல் மதில்கள், புல்வெளியில் குதிரைகள், வாகனச் சத்தமே இல்லாத இரவு. திரும்பி வர மனமில்லை. என் கொழும்பு வேலையை இணையத்திலேயே செய்யலாம். அங்கே வீடு எடுத்து இருந்துவிடலாமா? நீங்கள் அங்கே படிப்பித்தவர் என்பதால் கேட்கிறேன்.

க.

அன்புள்ள க.,

நீங்கள் பார்த்தது தை மாதத்து நெடுந்தீவு. மாரிமழை ஓய்ந்த கையோடு புல்லும் பச்சை, கிணறும் நிறைவு. நான் போய் இறங்கியது ஆவணியில். முதல்நாள் குளிக்கப் போனால் சவர்க்காரம் நுரைக்கவே இல்லை, தலைமயிரில் திரிதிரியாய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆச்சி மதிலுக்கு அப்பால் நின்று சிரித்தார்: "தம்பி, உது மாட்டுக்கு அள்ளுற கிணறு."

அங்கே ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், கடல்நீரைவிடக் கனம் குறைந்தது என்பதால், உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதந்து நிற்கும். வாளியால் அள்ளும்வரை தொல்லையில்லை. மோட்டர் போட்டு அவசரமாய் இறைத்தால் கீழே கிடக்கும் உப்பு மேலேறிவிடும். அப்படிக் கெட்ட கிணறு லேசில் திருந்தாது. தீவில் விடுதி கட்டப்போகிறேன் என்று யாராவது சொன்னால் தண்ணீருக்கு என்ன வழி என்றுதான் முதலில் கேட்பேன்.

அடுத்தது படகு. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு, காரைநகருக்கெல்லாம் தரைவழி வந்துவிட்டது. நெடுந்தீவுக்குப் புங்குடுதீவின் குறிகாட்டுவான் துறையில் படகேறி ஒரு மணி நேரம் போகவேண்டும். எரிவாயு சிலிண்டர், சீமெந்துப் பை, காய்ச்சல்காரப் பிள்ளை எல்லாம் ஒரே படகில்தான். காற்று பெலத்தால் அதுவும் இல்லை. 1985 மே 15 அன்று இதே வழியில் குமுதினிப் படகில் போன சனத்தை வெட்டிக் கொன்றார்கள். படகில் பெரியவர்கள் அதைப் பேசத் தொடங்கினால் பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.

(ஒல்லாந்தர் இந்தத் தீவுகளுக்கு லெய்டன், ஆம்ஸ்டர்டாம், ரொட்டர்டாம் என்று தங்கள் ஊர்ப்பெயர்களை வைத்துப் பார்த்தார்கள். நெடுந்தீவுக்கு வைத்த டெல்ஃப்ட் மட்டும் ஒட்டியது, அதுவும் வெளியாட்கள் வாயில்.)

வரவேண்டாம் என்று சொல்லவில்லை. முற்பணம் கொடுக்குமுன் ஆவணிக் கடைசியில் பத்து நாள் வந்து நில்லுங்கள். கூரைநீர் பிடிக்கத் தொட்டி கட்டும் செலவைக் கணக்கில் சேருங்கள், இணையம் இழுக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த அந்தக் குதிரைகள் அப்போது வற்றிய குட்டைகளைச் சுற்றி, விலா தெரிய நிற்கும்.